ஆளுக்கொரு ஊரில் இருக்கும் புராஜெக்ட் டீம்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

வேலூர் வட்டாரத்தில் ஒரு ஏற்றுமதி ஷூ மாடல் உருவாகிறது என்றால் அதில் வேலை செய்பவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. தோல் ராணிப்பேட்டையில் பதமாகிறது. அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, ஆம்பூரில் தைக்கிறார்கள். டிசைனர் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கிறார். அடிப்பகுதியான சோலுக்கு வியட்நாமில் ஒருவரிடம் பேச வேண்டும், கப்பல் ஏற்பாட்டுக்குச் சென்னையில் ஒருவர். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வீட்டிலிருந்தே பெங்களூரு, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் மென்பொருள் பிள்ளைகளின் நிலைமையும் இதுதான். முகம் பார்க்காத ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு தேதிக்குள் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பொறுப்பு கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோல், ஷூ புராஜெக்ட்களை ஒருங்கிணைப்பது என் தொழில் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வரும். மென்பொருள், ஆய்வு, கணக்கு வேலை எதுவானாலும் கோளாறுகள் கிட்டத்தட்ட இவைதான். உங்கள் டீமில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியது

ஒரு டீம் சரியாக ஓடவில்லை என்றதும் நம் கண் நேராக ஒரு ஆள் மேல்தான் போகும். "அவர் சோம்பேறி", "அந்தப் பொண்ணுக்கு ஆர்வமே இல்ல", "ராணிப்பேட்டைக்காரங்க எப்பவும் இப்படித்தான்." தூரத்தில் இருப்பவரைப் பற்றி இப்படி முடிவு கட்டுவது ரொம்பச் சுலபம். அவர் எதிரில் தோல் பதமிடும் டிரம் பழுதாகி நிற்பதும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிப்பதும் நமக்குத் தெரியாது. நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறு ஆளில் இல்லை, முதல் வாரத்தில் பேசாமல் விட்டதில் இருக்கிறது.

குழுக்களைப் பல காலம் ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியர் ரிச்சர்ட் ஹாக்மனும் ரூத் வேக்மனும் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்கள். ஒரு குழு நன்றாக ஓடுவதில் 60 பங்கு, ஆட்களைக் கூட்டுவதற்கு முன்பே செய்யும் ஏற்பாடு. 30 பங்கு, அதைத் தொடங்கிவைக்கும் விதம். நடுவில் நாம் ஓடி ஓடிச் செய்யும் திருத்தங்களுக்கு மிச்சம் 10 பங்குதான். தூரத்து டீம்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் காரிடாரில் நின்று "ஆமா, அது என்னாச்சு?" என்று கேட்டுச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பே கிடையாது.

ஆகவே முதல் சோதனை இது. டீமில் ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் பிடியுங்கள். ஒரே கேள்வி: "இந்த புராஜெக்ட் முடிஞ்சுதுன்னு எதை வச்சு சொல்லுவீங்க?" ஒருவர் "சாம்பிள் அனுப்பியாச்சுன்னா முடிஞ்சுது" என்பார். இன்னொருவர் "பையர் (பொருளை வாங்குபவர்) கையெழுத்துப் போடணும்" என்பார். மூன்றாமவர் "எங்க செக்‌ஷன் வேலை போன வாரமே முடிஞ்சுது சார்" என்பார். இப்படி மூன்று பதில் வந்தால் கீழே உள்ள தனித்தனி மருந்துகள் எதுவும் நிற்காது. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய் டீமை மறுபடி தொடங்குங்கள்.

பதில் எல்லாம் ஒன்றாக இருந்தால் நல்லது. மேலே படியுங்கள்.

அறிகுறி: வீடியோ காலில் நீங்கள் மட்டும் பேசுகிறீர்கள், மற்றவர்கள் மியூட்டில் இருக்கிறார்கள்

நம் ஊர்ப் பக்கம் அதிகம் கேட்கும் குறை இதுதான். காரணம் ஒன்றல்ல என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கால் முடிந்த ஐந்து நிமிடத்தில் யாராவது தனியாகப் போன் செய்து, "மேடம், அங்க சொல்ல முடியல, அந்த சோல் மோல்டு மூணு வாரத்துல வராது" என்கிறாரா? அப்படியானால் அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, மேடைதான் இல்லை. அந்தக் காலில் அவருடைய முதலாளியோ ஃபேக்டரி மேனேஜரோ இருந்திருப்பார். பையர் முன்னால் சொந்தக் கம்பெனியின் தாமதத்தைச் சொல்ல யாருக்கும் மனசு வராது. இதற்கு வழி, உள்ளூர் ஆட்களுடன் தனியாக ஒரு போன் கால் முந்தின நாளே வைத்து, கெட்ட செய்தி எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்வது. மறுநாள் பெரிய காலில் அதை நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். "மோல்டு தாமதமாகும் போலிருக்கிறது, அதற்கு இரண்டு வழி இருக்கிறது, பாய் விவரம் சொல்வார்" என்று எடுத்துக் கொடுத்தால், ஆம்பூர் சூப்பர்வைசர் பாய் கடகடவென்று பேசுவார். கெட்ட செய்தியைத் திறக்கும் பாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும், விவரத்தை அவர் தருவார்.

வாட்ஸ்அப்பில் நன்றாக எழுதுகிறார், காலில் வாய் திறப்பதில்லை என்றால் அது மொழி. முப்பது வருடம் தோல் பார்த்த ஒருவர், கையால் தடவியே தரம் சொல்பவர், ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் "எஸ் சார், ஓகே சார்" என்று முடித்துக்கொள்வார். அவர் அறிவு முழுவதும் புராஜெக்டுக்கு நஷ்டம். தமிழிலோ உருதுவிலோ சொல்லச் சொல்லுங்கள், யாராவது ஒருவர் இரண்டு வரியில் ஆங்கிலமாக்கட்டும். வெளிநாட்டார் இதற்குக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. சரியான தகவல் கிடைக்கிறதே என்று சந்தோஷம்தான் படுகிறார்கள்.

நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி ஒரே போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களா? தையல் மெஷின் சத்தம், மின்விசிறிச் சத்தம், நடுவில் டீ டம்ளர். அந்தப் பக்கம் ஹாம்பர்க்கில் ஒருவர் தனியாக ஹெட்செட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிச் சிரிப்பது அவருக்குக் கேட்கிறது, புரிவதில்லை. ஒருவர் தூரத்தில் இருந்தால் எல்லோரும் தூரத்தில் இருப்பதுபோல் சேருங்கள். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு ஹெட்செட், ஆளுக்கு ஒரு மூலை. இந்த ஒரு மாற்றம் தரும் பலன் ஆச்சரியமானது.

இவை எதுவும் இல்லை, விஷயமே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், பேச வேண்டியதை முந்தின நாளே ஐந்து வரியில் அனுப்புங்கள். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் யாரும் பதில் சொல்வதில்லை. பெயர் சொல்லி, அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள். வயதில், பதவியில் சின்னவரிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால் பின்னால் வருபவர்கள் "சார் சொன்னதுதான்" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

அறிகுறி: குறித்த நேரத்துக்கு ஆள் வருவதில்லை, அல்லது ஒரு மணி நேரம் தள்ளி வருகிறார்கள்

மார்ச் கடைசியிலோ அக்டோபர் கடைசியிலோ இது நடந்தால் ஆளைத் திட்ட வேண்டாம், காலண்டரைப் பாருங்கள்.

நம் கடிகாரம் வருடம் முழுவதும் ஒரே ஓட்டம். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. அமெரிக்காவில் இதே மாற்றம் மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மூன்று நாட்டுக்காரர்கள் சேரும் கால் கட்டாயம் குழம்பும். வியட்நாமில் இந்த வழக்கம் இல்லை, எப்போதும் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்தான்.

இதில் ஒரு சிக்கல் நம் வட்டாரத்துக்கே உரியது. வெள்ளிக்கிழமை ஜெர்மன் நேரம் காலை 10 மணிக்கு வாராந்தரக் கால் என்று டிசைனர் அழைப்பு அனுப்புகிறார். குளிர்காலத்தில் அது நமக்கு மதியம் 2:30, எல்லோரும் வருகிறார்கள். ஏப்ரலில் அதே அழைப்பு 1:30-க்கு வந்து நிற்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அது ஜும்மா தொழுகை நேரம். பாதிப்பேர் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று வெளிநாட்டாருக்குத் தெரியாது. நம்மாட்களும் சங்கடப்பட்டுக்கொண்டு சொல்லமாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து "ஆம்பூர் டீமுக்கு அக்கறை இல்லை" என்று ஒரு மெயில் வரும். அழைப்பை இந்திய நேரத்தில் கட்டி வைத்தாலே தீர்ந்தது. மதியம் 2:30 என்றால் கோடையில் அவருக்கு 11 மணி. அதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வெள்ளியைத் தவிர்த்து புதன் என்று வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

நேரம் எழுதும்போது "ஐஎஸ்டி" என்று மட்டும் போடாமல் "வேலூர் நேரம் 2:30, ஹாம்பர்க் நேரம் 10:00" என்று ஊர் பெயரோடு எழுதுங்கள். அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களுக்கும் அதே சுருக்கம்தான். தேதியும் அப்படித்தான். 04/05 என்றால் நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதினால் வம்பே இல்லை.

அறிகுறி: "முடிஞ்சுது" என்கிறார்கள், திறந்து பார்த்தால் முடியவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணமும் நாளும் அதிகம் கரைவது இங்கேதான்.

ஒரு பழுப்பு நிறத் தோல். டிசைனர் அனுப்பிய மாதிரித் துண்டைப் பார்த்து ராணிப்பேட்டையில் சாயம் ஏற்றுகிறார்கள். மதியம் ஷெட்டுக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்து ஒரு போட்டோ, வாட்ஸ்அப்பில். ஜெர்மனியில் அவர் ரயிலில் போகும்போது போன் திரையில் பார்க்கிறார். "லுக்ஸ் குட்." இங்கே உடனே, "மேடம், ஷேட் ஓகே ஆயிடுச்சு, மொத்த லாட்டும் டிரம்ல போட்டுடலாமா?" போட்டுவிடுகிறார்கள். தோல் துண்டு கூரியரில் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து பதில்: சிவப்பு அடிக்கிறது, இது நான் கேட்ட பழுப்பு இல்லை.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. வேலூர் வெயிலில் ஒரு நிறம், கடை டியூப் லைட்டில் ஒரு நிறம், போன் திரையில் இன்னொரு நிறம். இரண்டு தோல் துண்டு ஒரு வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போய், வேறு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிவது சாயத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஈரத்தோடு எடுத்த தோல் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளிறும். போட்டோவை வைத்து ஷேட் ஓகே வாங்கலாமா கூடாதா என்பதை முதல் வாரத்தில் யாரும் பேசவில்லை. கோளாறு அங்கே இருக்கிறது.

சரிசெய்யும் வழி: போட்டோ முன்னேற்றம் காட்ட மட்டும், ஒப்புதலுக்கு இல்லை என்று எழுதி வையுங்கள். ஷேட் ஒப்புதலுக்கு நன்றாகக் காய்ந்த, ஃபினிஷ் ஆன ஒரே துண்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி கூரியரில், மறுபாதி இங்கே தேதி எழுதி இருட்டில் கவரில். இரண்டு பக்கமும் லைட் பாக்ஸில் ஒரே விளக்கின் கீழ், அதாவது பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் பார்த்துப் பேச வேண்டும். அப்போதுதான் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தோல் தொழிலில் இல்லாதவர்களுக்கும் இதே சோதனைதான். டீம் எல்லோரும் திறந்து பார்க்கும் பொதுத் தாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) "நிலை" என்ற பத்தியில் "முடிந்தது", "90 சதவீதம்" என்று எழுத இடமே கொடுக்காதீர்கள். பக்கத்திலேயே "அத்தாட்சி" என்று ஒரு பத்தி போடுங்கள். தோலுக்கு லேப் ரிப்போர்ட் எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே மாதத்திலிருந்து உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-VI என்ற ரசாயனம் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. அதனால் அந்த ரிப்போர்ட் இல்லாமல் தோல் பளபளவென்று அடுக்கி இருந்தாலும் அது முடியாத வேலைதான். மென்பொருளுக்கு, வேறொரு ஆள் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த பதிவு. கணக்குக்கு, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்த தாள். அத்தாட்சி பத்தி காலியாக இருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், யாரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை.

அறிகுறி: ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள், இன்னொன்றை யாருமே செய்யவில்லை

ஒரு வேலைக்கு எதிரே இரண்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒன்றை அடியுங்கள். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், பொறுப்பு ஒருவருக்குத்தான். துறைப் பெயர் எழுதியிருந்தாலும் அதே சிக்கல்: "குளோசிங் செக்‌ஷன்" என்று அப்பர் தைக்கும் பிரிவின் பெயரை எழுதினால் ஆம்பூரில் யாரும் அதைத் தன் வேலை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆளின் பெயர், தேதி. அவ்வளவுதான்.

அறிகுறி: முடிவுகள் வாட்ஸ்அப்பில் காணாமல் போகின்றன

குரூப்பில் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, நடுவே "ஹீல் உயரம் 5 மில்லி குறைக்கலாம்" என்று ஒரு வரி. மூன்று வாரம் கழித்து அதைத் தேடுகிறார்கள். கோப்புகளோ "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் சரியானது" என்று வரிசை கட்டி நிற்கின்றன.

வாட்ஸ்அப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஷாப் ஃப்ளோரில் எல்லோர் கையிலும் இருக்கும் ஒரே கருவி அதுதான். புதிய ஆப் ஒன்றைத் திணித்தால் மேனேஜர்கள் மட்டும் அதில் இருப்பார்கள், வேலை தெரிந்தவர்கள் வெளியே இருப்பார்கள். அதற்குப் பதில் மூன்றே விதி: அவசரம் என்றால் போன். அன்றாடப் பேச்சு குரூப்பில். முடிவு என்றால் பொதுத் தாளில், தேதி, என்ன முடிவு, யார் எடுத்தது, எதை இது மாற்றுகிறது என்ற நாலு பத்தியில். தாளில் ஏறாத முடிவு முடிவே இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மாதம் அந்தத் தாளை நீங்களே எழுதுங்கள். யாராவது குரூப்பில் முடிவு சொன்னால் கோபப்படாமல் தாளில் ஏற்றிவிட்டு, "ஏற்றிவிட்டேன் அண்ணா, வரி 14 பாருங்க" என்று ஒரு பதில் போடுங்கள். பழகிவிடும்.

கோப்பின் பெயரில் "ஃபைனல்" வேண்டாம், தேதியை முன்னால் போடுங்கள். தன்னால் வரிசையாகும்.

அறிகுறி: பதில் வர நாள்கணக்கில் ஆகிறது

முதலில் எல்லா ஊர் விடுமுறையையும் ஒரே காலண்டரில் ஏற்றுங்கள். நமக்குப் பொங்கல், அதையொட்டி ஊர் ஊராக மாடு விடும் விழா. அது முடிந்து நாம் எழுந்து உட்காரும்போது வியட்நாமில் டெட் புத்தாண்டு வரும். அது ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் விழும், ஃபேக்டரிகள் மூடிவிடும். ரம்ஜான் மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். அந்த மாதம் மாலை நேரக் கால் வைக்காதீர்கள், நோன்பு திறக்கும் நேரம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா, அந்த ஊர் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். ஆகஸ்டில் இத்தாலி படுத்துக்கொள்ளும். 15-ஆம் தேதியை ஒட்டி ஒரு போன் எடுக்கவும் ஆள் இருக்காது. டிசம்பர் கடைசியில் ஜெர்மனி. இவ்வளவையும் ஒரே தாளில் பார்த்தால்தான் வருடத்தில் எல்லோரும் இருக்கும் வாரம் எவ்வளவு குறைவு என்று புரியும். தேதிகளை அதற்கேற்ற மாதிரி கொடுப்பீர்கள்.

விடுமுறை இல்லாத நாளிலும் தாமதம் என்றால், உங்கள் செய்தியையே மறுபடி படியுங்கள். அதில் கேள்வி இருக்கிறதா? எதற்கு, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று இருக்கிறதா? "ப்ளீஸ் அட்வைஸ்" என்று முடியும் மெயிலுக்கு யார் பதில் போடுவது? எட்டு பேருக்குப் போன மெயில் என்றால் எட்டு பேரும் மற்ற ஏழு பேரை நினைத்துக்கொள்வார்கள்.

மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டும்போது மதியம் கரண்ட் போவதும் உண்டு. வீட்டில் வேலை செய்பவர்களிடம் மோடமும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபேனும் லைட்டும் மட்டும் அதில் இருக்கும், ரவுட்டர் சாதா பிளக்கில் இருக்கும். ஒரு ஒயர் மாற்றினால் தீரும் பிரச்சினைக்கு ஒரு கோடை முழுவதும் "அவர் எப்பவும் ஆஃப்லைன்" என்று பெயர் வாங்குவது அநியாயம். வேறு கம்பெனி சிம் ஒன்று ஹாட்ஸ்பாட்டுக்கு இருப்பதும் நல்லது, அந்தச் செலவை புராஜெக்ட் ஏற்க வேண்டும்.

அறிகுறி: ஒரே ஆள் சோர்ந்துபோகிறார், குறிப்பாக மாலை கால்களில்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 8 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 5:30, குளிர்காலத்தில் 6:30. அவருக்கு வேலை நாளின் தொடக்கம். இங்கே ஒரு பெண்ணுக்கு அது பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, மாமியாருக்கு டிபன் ஆகி, ராத்திரிச் சமையல் தொடங்கும் நேரம். அவர் கேமராவை அணைத்து வைப்பது அலட்சியம் இல்லை. இதை அவராக வாய்விட்டுச் சொல்லமாட்டார், சொன்னால் வேலையில் பின்தங்குகிறார் என்று ஆகிவிடும் என்ற பயம். நடத்துபவர் நீங்கள்தான் கேட்க வேண்டும்: "எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும்?"

அசௌகரியத்தைப் பங்கு போடுங்கள். ஒரு மாதம் நமக்கு இரவு, அடுத்த மாதம் அவர்களுக்கு விடியற்காலை. வெளிநாட்டுப் பையர் என்றால் கேட்கத் தயங்குவோம். தயங்காமல் கேளுங்கள், காரணம் சொல்லிக் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். எல்லா காலுக்கும் எல்லோரும் தேவையா என்றும் பாருங்கள். ஆறு பேர் டீமில் இருவர் இருவராகக் கணக்கிட்டால் 15 இணைப்பு. பன்னிரண்டு பேர் ஆனால் 66. ஆள் இரட்டிப்பானால் பேச்சு நாலு மடங்குக்கும் மேல். ஒருவரைச் சும்மா "தெரிஞ்சுக்கட்டும்" என்று சேர்ப்பதன் விலை அது. தெரிந்துகொள்ள வேண்டியவருக்குத் தாளைப் படிக்கக் கொடுத்தால் போதும்.

அறிகுறி: "நாம", "அவங்க" என்று டீம் இரண்டாகிறது

ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் பொறியாளர்களே மேஜைகளுக்கு நடுவில் 50 மீட்டர் இடைவெளி வந்துவிட்டால் வேலை விஷயம் பேசிக்கொள்வது வெகுவாகக் குறைகிறது என்று எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் காட்டினார். நமக்கு நடுவில் பாலாறும் கடலும் இருக்கின்றன.

இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. வசதி: வேலூரிலிருந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர், ராணிப்பேட்டை அதில் பாதி. உள்ளூர் ஆட்களை ஒருநாள் நேரில் கூட்டுவது பெரிய செலவில்லை. தோல்காரரை ஆம்பூர் கட்டிங் டேபிளுக்கு ஒருநாள் காலையில் கூட்டிப்போங்கள். தான் அனுப்பிய தோலில் உண்ணிக் கடித் தழும்பைத் தவிர்த்து வெட்ட தோல் வெட்டும் கட்டர் எப்படித் திருப்பித் திருப்பி டையை (வெட்டும் அச்சை) வைக்கிறார், எவ்வளவு வீணாகிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் "அவங்க சும்மா குறை சொல்றாங்க" என்ற பேச்சு வராது. கட்டரும் டேனரிக்குப் போய் டிரம் பக்கத்தில் நிற்கட்டும். கூடவே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஆம்பூரில் அதற்கா பஞ்சம்.

ஆபத்து: பக்கத்தில் இருப்பவர்கள் டீக்கடையில் நின்று முடிவெடுத்துவிடுவார்கள், தூரத்தில் இருப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் அவர் மனசு உடைவது நிஜம். சந்தித்துப் பேசியது எதுவானாலும் அன்று மாலைக்குள் தாளில் ஏற வேண்டும், தூரத்து ஆள் பார்க்கும்வரை அது யோசனை மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உரசல் ஏற்கெனவே மெயிலில் சூடாகிவிட்டது என்றால் மெயிலில் அணைக்க முடியாது. மூன்றாவது மெயில் போவதற்கு முன் இருவரையும் போனில் சேர்த்துவிடுங்கள், எல்லோருக்கும் காப்பி போடுவதை நிறுத்துங்கள். பார்வையாளர்கள் இல்லையென்றால் பாதிச் சண்டை தணியும்.

அறிகுறி: எல்லாம் உங்களிடமே வந்து நிற்கிறது

நீங்கள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் டீமும் படுத்துவிடுகிறதா? எதை யார் உங்களைக் கேட்காமல் முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கவில்லை என்று பொருள். தொகை போட்டு எழுதுங்கள்: இந்த ரூபாய்க்குள் மாற்றுப் பொருள் வாங்குவதானால் ஆம்பூர் மேனேஜரே முடிவு செய்யலாம், இத்தனை நாளுக்குள் தாமதம் என்றால் பையரிடம் அவரே பேசலாம். எழுதிக் கொடுத்த பிறகு அவர் எடுத்த முடிவை நீங்கள் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் மறுபடி எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும்.

எதுவும் சரிப்படவில்லை என்றால்: டீமை மறுபடி தொடங்குவது

நடுவழியில் இதைச் செய்யத் தயங்குவார்கள், நாலு பேர் முன்னால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி தோன்றும். அப்படி நினைக்க வேண்டாம். டீமில் இருப்பவர்கள் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

முந்தின வாரம் ஒவ்வொருவருடனும் கால் மணி நேரம் தனியாகப் பேசுங்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, தனக்கு எது கிடைத்தால் வேலை சுலபமாகும் என்று மட்டும். பெயர் குறிப்பிடாமல் அதைத் தொகுத்து ஒரு பக்கம் ஆக்குங்கள். அப்புறம் ஒன்றரை மணி நேரக் கால், எல்லோரும் தனித்தனி ஹெட்செட்டில்.

முதலில் அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். விவாதம் வேண்டாம். அடுத்து, புராஜெக்ட் எப்போது முடிந்ததாகக் கொள்வோம் என்று ஒரே வாக்கியத்தை எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். ஆட்கள் வாதாடுவார்கள், விடுங்கள், அந்த வாதாட்டம்தான் முதல் வாரத்தில் நடக்காமல் போனது. பிறகு ஒவ்வொருவரும் தாளில் தன் பெயருக்கு எதிரே உள்ள வரியைத் தானே வாய்விட்டுப் படித்து, ஒத்துக்கொள்ளவோ மாற்றவோ வேண்டும். நீங்கள் படித்துக் காட்டினால் அது உங்கள் தாள். அவர் படித்தால்தான் அது அவருடையது.

கடைசி அரை மணி நேரத்துக்கு உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய ஒரு வழி இருக்கிறது. "ஆறு மாதம் கழித்து இந்த புராஜெக்ட் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் படுத்தது?" ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும், எழுதி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். நேராக "என்ன பிரச்சினை வரும்?" என்று கேட்டால் அபசகுனமாகப் பேசக்கூடாது என்று அடக்கிக்கொள்பவர்கள்கூட இதற்கு எழுதிவிடுவார்கள், ஏனென்றால் படுத்தாயிற்று என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். யாருமே பேசாத விஷயம் இதில்தான் வெளிவரும்: தோல் சப்ளையருக்குப் பழைய பாக்கி நிற்பது, சோல் மோல்டுக்கு ஆர்டரே போகாதது. வந்ததில் முதல் மூன்றை எடுத்து, ஆளும் தேதியும் போட்டு, தாளில் ஏற்றிவிட்டு அந்தக் காலை (அழைப்பை) முடியுங்கள்.

அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் பாருங்கள். தாள் தெளிவாக இருந்தும், நேரம் தோதாக இருந்தும், மொழியும் கருவியும் சரியாக இருந்தும் ஒருவரிடம் மட்டும் வேலை நகரவில்லை என்றால், இப்போது அது ஆள் சம்பந்தப்பட்ட விஷயம். தனியாக, முடிந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். வேலை பொருந்தவில்லையா, மேலதிகாரி வேறு வேலை கொடுத்து இழுக்கிறாரா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேளுங்கள். மேலதிகாரி இழுக்கிறார் என்றால் பேச வேண்டியது அவரிடம், இவரிடம் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், புதிதாக வருபவரும் போகிறவரும் ஒரு வாரமாவது ஒன்றாக இருக்கும்படி பாருங்கள். பொதுத் தாளின் உரிமை, சப்ளையர்களின் போன் எண்கள், அவர் மேஜை டிராயரில் தேதி எழுதிக் கவரில் வைத்திருக்கும் பாதித் தோல் துண்டுகள் எல்லாம் கைமாறியதை நீங்களே போய்ப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.